ஏழு நாள் குடில்

கோடைகாலத்து வார இறுதிகளில் ரொறன்ரோ நகரிலிருந்து வடக்கே செல்லும் 400ஆம் இலக்க நெடுஞ்சாலையைப் பார்ப்பவர்கள், நகரமொன்று முழுவதுமாக இடம்பெயர்ந்து போகின்றதோ என ஐயுறுவர். வாகனக் கூரைகளில் கவிழ்த்துக் கட்டப்பட்ட தோணிகள், பின்புறத்தில் மிதிவண்டிகள், இருக்கைகளுக்கிடையே தலையணைகள், குளிர்பெட்டிகள், நாய்க்குட்டிகள். மணிக்கணக்கில் ஊர்ந்து செல்லும் அந்த வரிசையில் எவர் முகத்திலும் கலக்கம் இல்லை. அவர்கள் ஏரிக்கரைகளுக்குச் செல்பவர்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் மட்டும் 2,50,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றின் கரைகளில், மரங்களுக்கிடையே மறைந்தும் மறையாமலும், மரத்தாலான சிறு வீடுகள் நிற்கின்றன. "கொட்டேஜ்" என்றும் "கபின்" என்றும் அவற்றை அழைக்கின்றனர். சிலருக்கு அவை பாட்டனார் கட்டிய பரம்பரைச் சொத்து. பலருக்கு ஒரு கிழமைக்கென வாடகை கொடுத்துப் பெறும் தங்குமிடம்.

2024 ஓகஸ்ட் மாதத்தில், என் மகளின் குடும்பத்தோடு சில காலம் தங்குவதற்காகக் கனடா சென்றிருந்தபோது, நானும் அந்த வாகன வரிசையில் ஒருவனானேன்.

"அப்பா, ஒரு கிழமை ஏரிக்கரையிலை போய் இருப்பம். கரண்ட் இல்லை, போனும் எடுக்காது. பிள்ளையளுக்கும் நல்லது" என்று மகள் முன்னதாகவே சொல்லியிருந்தாள். வாடகை எவ்வளவு என்று கேட்டேன். சொன்னாள். எதையும் நமது ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது, கடல் கடந்து செல்லும் நம்மவர்களை விட்டு நீங்காத பழக்கம். எங்கள் ஊரில் ஒரு சிறிய வீட்டின் கூரைக்கு ஓடு போட்டு முடிக்கக்கூடிய தொகை அது.

"கரண்ட் இல்லாத வீட்டுக்கு இவ்வளவு காசோ, பிள்ளை?"

"கரண்ட் இல்லாததுக்குத்தான் அப்பா அந்தக் காசு" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்குவதற்கு ஐந்து இரவுகள் தேவைப்பட்டன.

செவர்ண் ஆற்றைக் கடந்ததும் நிலத்தின் முகம் மாறிவிடுகின்றது. அதுவரை தொடர்ந்துவந்த சோளவயல்களும் பண்ணைகளும் மறைந்து, கருஞ்சிவப்பும் சாம்பலுமான பாறைகள் வீதியின் இருமருங்கிலும் எழுகின்றன. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுப் பழைமை வாய்ந்த பாறைகள் அவை. பனியூழிக் காலத்தில் அந்நிலத்தின்மீது நகர்ந்த பெரும் பனிப்பாளங்கள் பாறையைச் சுரண்டிக் குடைந்த பள்ளங்களே, பனி உருகிய பின்னர் ஏரிகளாயின. மண் மிகக் குறைவு. பாறை வெடிப்புகளில் வேரோடிய வெண்பைன் மரங்கள், மேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு வளைந்து, ஒரே திசையில் கைநீட்டி நிற்கின்றன.

எங்கள் கபின் ஓர் அறையும், ஏணிவழியே ஏறிச் செல்லும் பரணும், கொசுவலைக் கம்பி அடித்த விறாந்தையும் கொண்டது. ஒரு மூலையில் இரும்பு விறகடுப்பு. மேசைமீது கண்ணாடிச் சிமினியோடு இரண்டு மண்ணெண்ணெய் விளக்குகள். முற்றத்தில் ஒரு கைப்பம்பி. நாற்பது அடி தூரத்தில், மரங்களுக்கிடையே பலகைகளால் அடைத்த மலசலகூடம். கதவின் உட்புறத்தில் உரிமையாளர் கைப்பட எழுதிய அறிவுறுத்தல்கள் ஒட்டப்பட்டிருந்தன: கரடிகள் வருமாதலால் உணவை வெளியே வைக்க வேண்டாம், குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகவும், மலசலகூடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பல் போடவும், பாறைகளில் நடக்கும்போது காலடியைப் பார்த்து நடக்கவும். இக்கடைசி அறிவுறுத்தல் அம்மாகாணத்தின் ஒரே நச்சுப்பாம்பாகிய மசசோகா என்னும் கிலுகிலுப்பைப் பாம்பைக் குறித்தது. கூச்ச சுபாவமுள்ள உயிரினம், தொந்தரவு செய்யாவிட்டால் தானே விலகிச் செல்லும் என்ற குறிப்பும் இருந்தது. பேத்தி அதை மூன்று முறை வாசித்தாள்.

பேரனுக்கு வயது பன்னிரண்டு, பேத்திக்கு ஒன்பது. முதல் நாள் முழுவதும் பேரன் கையில் தொலைபேசியோடு ஒவ்வொரு பாறையிலும் ஏறி, அலைவரிசை கிடைக்கின்றதா எனத் தேடினான். இரண்டாம் நாள் இருவரும் காரணமின்றிச் சண்டையிட்டனர். மூன்றாம் நாள் பேரன் ஒரு கணக்குப் பார்த்தான்: ஐந்து பேர் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவ ஒரு நாளைக்கு எத்தனை வாளி நீர் வேண்டும்? பதினேழு. அன்றுமுதல் கைப்பம்பி அவனுடைய பொறுப்பாயிற்று. நகரத்து வீட்டில் பல் துலக்கி முடியும்வரை குழாயைத் திறந்துவிட்டிருக்கும் பிள்ளை, இங்கே ஒரு குவளை நீரில் முகம் கழுவக் கற்றுக்கொண்டான். எவரும் அவனுக்குப் போதிக்கவில்லை. கைவலி போதித்தது.

என் மருமகன் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவர். வார இறுதியில் வேறொரு வேலை. மகளுக்குப் பகல் வேலை. அவர்களது சமையலறைக் குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாள் தொங்கும். யார் எப்போது வெளியே, யார் எப்போது வீட்டில் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே மேசையில் நால்வரும் அமர்ந்து உண்பது கிழமைக்கு ஒருமுறை வாய்த்தால் பெரிது. ஏரிக்கரைக்கு வந்த அன்று மாலை படுத்த மருமகன், மறுநாள் நண்பகல்வரை உறங்கினார். பிள்ளைகள் இருவரும் பரணில் ஏறி, அவர் உறங்குவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓசையின்றி இறங்கி வந்தனர். தந்தை இரவில் உறங்குவதை அவர்கள் அதிகம் கண்டதில்லை.

அந்த ஏரியில் லூன் என்னும் நீர்ப்பறவை ஒரு சோடி வாழ்ந்தது. 1987ஆம் ஆண்டு முதல் கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் பொறிக்கப்பட்டுள்ள பறவை அது. ஆதலால் அந்நாணயத்தையே மக்கள் "லூனி" என்கின்றனர். பகலில் நீருக்குள் மூழ்கி, எதிர்பாராத வேறோர் இடத்தில் எழும். இரவில் அது எழுப்பும் குரல், யாரோ தொலைவிலிருந்து யாரையோ பெயர் சொல்லாமல் அழைப்பது போலிருக்கும். ஓகஸ்ட் 12 அன்று இரவு, ஆண்டுதோறும் அந்நாட்களில் தோன்றும் விண்கற் பொழிவைக் காணப் பிள்ளைகளோடு படகுத்துறைப் பலகைகளில் மல்லாந்து படுத்திருந்தோம். நகரத்தின் ஒளியில் மறைந்திருந்த வானம் அங்கே முழுமையாக இருந்தது. முப்பத்தொன்று வரை எண்ணிய பேத்தி உறங்கிப்போனாள்.

இவற்றையெல்லாம் கண்டு நான் மகிழ்ந்தேன் என்பது உண்மை. ஆயினும் முதல் நாள் இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதும் உண்மை. மகள் விளக்கை ஏற்றிச் சிமினியைப் பொருத்தியபோது எழுந்த மண்ணெண்ணெய் வாசம், முப்பது ஆண்டுகளை ஒரு கணத்தில் சுருட்டிவிட்டது.

வலிகாமத்து மக்கள் 1995 ஒக்டோபர் 30ஆம் நாளை மறக்கமாட்டார்கள். அன்று மாலை தொடங்கி இரவு முழுவதும் கொட்டும் மழையில், இலட்சக்கணக்கானோர் ஒரே பாதையால் தென்மராட்சிக்கு நடந்தோம். மிதிவண்டியில் அரிசியும் உடுப்பும். அதன் சட்டத்தில் எட்டு வயது மகள். மனைவியின் இடுப்பில் நான்கு மாதக் குழந்தை. அந்த வரிசையும் மணிக்கணக்கில் ஊர்ந்துதான் சென்றது. தென்மராட்சியில் சில மாதங்கள் இருந்தோம். பின்னர் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்குச் சென்று, அக்கராயன் குளத்துக்கு அண்மையில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம்.

காட்டுத்தடிகள் நான்கு, மேலே கிடுகு, கிடுகு போதாத இடத்தில் தறப்பாள், மண்சுவர் இடுப்பளவு. மின்சாரம் என்பது 1990ஆம் ஆண்டோடு எங்கள் வாழ்விலிருந்து போய்விட்டிருந்தது. மண்ணெண்ணெயோ பொன்னுக்கு நிகர். அந்நாட்களில் நம்மவர் கண்டறிந்த ஜாம் போத்தல் விளக்கை இளையோர் அறியமாட்டார்கள். போத்தலின் அடியில் சிறிதளவு பஞ்சை இட்டு, சில துளி மண்ணெண்ணெயை அதில் ஊற்றி, கம்பியில் தாங்கவைத்த மெல்லிய திரியை ஏற்றினால், போத்தலே சிமினியாகிவிடும். குண்டுமணி அளவு சுடர். அந்தச் சுடரில் பிள்ளைகள் படித்தார்கள். பரீட்சைகளில் சித்தியும் பெற்றார்கள். நானும் அவ்வெளிச்சத்தில்தான் கொட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தினேன்.

குளம் அழகானது. மாலையில் கொக்குகள் வெண்மையாய் வந்திறங்கும். ஆனால் அழகை நாங்கள் பார்க்கவில்லை, நுளம்பைப் பார்த்தோம். அக்காலத்தில் வன்னி மலேரியாவின் இருப்பிடம். 2016ஆம் ஆண்டு இலங்கை மலேரியா அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, அச்செய்தியை நான் செய்தித்தாளிலிருந்து வெட்டி விவிலியத்துக்குள் வைத்துக்கொண்டேன். அதன் காரணத்தை வீட்டில் எவரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய ஒருத்தி அதற்கு முந்திய ஆண்டே இறைவனடி சேர்ந்திருந்தாள்.

1996 நவம்பர் மழையில் எங்கள் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து கிடைப்பது அரிதாயிருந்த நாட்கள். நான்காம் நாள் விடிவதற்கு முன் அவன் போய்விட்டான். ஒரு வயதும் ஐந்து மாதங்களும். நிழற்படம் ஒன்றும் இல்லை. எடுப்பதற்கு எவரிடமும் வசதி இல்லை. சேமக்காலையின் ஓரத்தில் மரச்சிலுவை ஒன்றை நட்டோம். போர் முடிந்தபின் 2010ஆம் ஆண்டு மனைவியும் நானும் அவ்விடத்தைத் தேடிச் சென்றோம். காடு மூடியிருந்தது. மரச்சிலுவை எத்தனை மழைக்குத் தாங்கும்? இருவரும் உத்தேசமாக ஓரிடத்தில் நின்று செபித்துவிட்டுத் திரும்பினோம்.

அந்தக் கொட்டிலையும் இந்தக் கபினையும் மனத்தில் அடுத்தடுத்து நிறுத்திப் பார்த்தேன். இரண்டும் நீர்நிலையின் கரையில். இரண்டிலும் மண்ணெண்ணெய் விளக்கு. இரண்டிலும் நீரைச் சுமக்க வேண்டும். இரண்டிலும் இரவில் வெளியே செல்லப் பாம்புக்குப் பயப்பட வேண்டும். இரண்டிலும் கூரைமீது மழை பெய்தால் பேச்சுக் கேளாது. வேறுபாடு எங்கே? சுவரின் பலத்திலா, கூரையின் தரத்திலா? அவையெல்லாம் சிறு வேறுபாடுகள். கபினின் சாவியை எந்த நாளில் திருப்பிக் கொடுப்பது என்பது முன்னரே எழுதப்பட்டிருந்தது: சனிக்கிழமை காலை 10 மணி. கொட்டிலுக்கு அப்படி ஒரு நாள் எழுதப்படவில்லை. வீடு திரும்பும் நாளை அறிந்தவனுக்கு இருள் ஓய்வாகின்றது. அறியாதவனுக்கு அதே இருள் சிறையாகின்றது.

எளிமையைப் போற்றும் பேச்சுகளை நாம் நிறையக் கேட்டிருக்கின்றோம். மின்சாரமில்லாத காலத்தில் மனிதர் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தனர் என்று பெருமூச்சுவிடுவோரும் உளர். அவர்கள் கூறுவதில் உண்மை இல்லாமலில்லை. என் மருமகனின் உறக்கமும் பேரனின் பதினேழு வாளியும் அதற்குச் சான்று. ஆனால் வறுமையைப் புகழ்வதற்கும் ஒரு வீடு தேவைப்படுகின்றது. தானே விரும்பி ஏற்கும் எளிமை மனிதனை விடுவிக்கும். பிறர் அவன்மீது திணிக்கும் எளிமை அவனை நசுக்கும். முன்னதைத் துறவு என்கின்றோம். பின்னதற்குப் பெயர் அநீதி. இரண்டுக்கும் கூரை ஒன்றாயிருப்பதால், இரண்டும் ஒன்றென மயங்கிவிடக்கூடாது.

ஐந்தாம் நாள் ஓகஸ்ட் 14. மடு அன்னையின் திருவிழாவுக்கு முந்திய வேஸ்பர் மாலை. முகில் மூடியிருந்ததால் வெளியே அமரவில்லை. விறாந்தையில் செபமாலை சொல்லத் தயாரானோம். விளக்கின் சுடர் பெரிதாக எரிகின்றது, சிறிதாக்க முடியாதா என்று பேத்தி கேட்டாள். மகள் எழுந்து சென்று, காலையில் பாணுக்குப் பூசி முடித்த ஜாம் போத்தலைக் கழுவித் துடைத்தாள். பஞ்சு வைத்தாள். ஒரு கம்பித் துண்டை வளைத்தாள். திரியை முறுக்கினாள். எங்கே கற்றாய் என்று பிள்ளைகள் கேட்டதற்கு அவள் மறுமொழி சொல்லவில்லை. எட்டு வயதுக் கைகள் கற்றதை முப்பத்தேழு வயதுக் கைகள் மறக்கவில்லை. பெரிய விளக்கை அணைத்துவிட்டு, அதை ஏற்றி நடுவில் வைத்தாள்.

பிறகு சொல்லத் தொடங்கினாள். மழை, மிதிவண்டி, கிளாலிப் படகு, கொட்டில். நான் அறியாதவற்றையும் சொன்னாள்: குளத்தில் வாளி நிரப்பச் செல்லும்போது தன் நிழலோடு பேசிக்கொண்டு போவாளாம். நான் கொப்பி திருத்தும்போது, சுடர் அணைந்துவிடக்கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பாளாம். பிள்ளைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தனர்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தவன்" என்றாள்.

அந்தச் சொற்களை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மனைவி இருந்த காலத்தில், அவளுக்கு நோகும் என்று நாங்கள் இருவரும் பேசாதிருந்தோம். அவள் மறைந்தபின் எனக்கு நோகும் என்று மகளும், மகளுக்கு நோகும் என்று நானும் பேசாதிருந்தோம். உலகில் அவனை அறிந்தவர் இப்போது இருவரே. இருவரும் வாய் மூடினால், அவன் பிறக்காதவனாகிவிடுவான்.

"அவற்றை பேர் என்ன?" என்று பேரன் கேட்டான். மகள் என்னைப் பார்த்தாள். அவளால் முடியவில்லை. நான் சொன்னேன். திருமுழுக்கின்போது அருட்தந்தை உச்சரித்த அதே முழுப்பெயரைச் சொன்னேன். லூன் பறவை எங்கோ ஒருமுறை குரல் கொடுத்தது. பின்னர் செபமாலையைத் தொடங்கினோம். ஐந்தாம் பத்து மணியை அவனுக்காக ஒப்புக்கொடுத்தாள் பேத்தி. தட்டுத்தடுமாறிய தமிழில், மாமா என்ற உறவுமுறையோடு.

மறுநாள் காலை படகுத்துறையில் மகளிடம் கேட்டேன்: "இதுக்குத்தானோ பிள்ளை இஞ்சை வந்தனீ?"

சற்று நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருட்டும் குளமும் எண்டால் எனக்கு அந்த ஒரு இடந்தான் அப்பா. அப்பிடி ஒரு இடத்திலை என்ரை பிள்ளையள் சிரிச்சுக்கொண்டு இருக்கிறதை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு நினைச்சனான்" என்றாள்.

சனிக்கிழமை காலை சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் மிட்லண்ட் நகரில் இறங்கினோம். அங்குள்ள மறைசாட்சியர் திருத்தலம் கனடாவாழ் தமிழ்க் கத்தோலிக்கருக்கு நன்கு பழக்கமானது. கோடையில் பேருந்துகளிலும் கார்களிலும் ஆயிரக்கணக்கில் சென்று கூடுகின்றனர். 1926இல் எழுப்பப்பட்ட அவ்வாலயத்துக்கு 1984 செப்டெம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வருகை தந்தார். அதன் எதிரே, வை ஆற்றின் கரையில், 1639இல் இயேசு சபையினர் அமைத்த செயின்ட் மேரி என்னும் மறைப்பணித் தளம் மீளக் கட்டி வைக்கப்பட்டுள்ளது. மரப்பட்டைகளால் வேய்ந்த நீண்ட குடில்கள். நடுவில் புகைபோக்கும் துவாரம். தரையில் தீ மூட்டிய குழிகள்.

பிரெஞ்சுக்காரர் "ஹியூரன்" என அழைத்த வெண்டாட் மக்களின் நாடு அது. புனித ழான் தெ பிரெபெஃப் அம்மக்களின் குடில்களில் அவர்களோடு புகையில் உறங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அதன் சொற்களைத் தொகுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் மதுரையில் இராபர்ட் தே நோபிலி தமிழைக் கற்று எழுதிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணும்போது, நமக்கும் அக்கரைக்கும் ஓர் உறவு புலப்படுகின்றது. ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பியரோடு வந்த அம்மை முதலிய நோய்கள், 1634க்கும் 1640க்கும் இடையில் வெண்டாட் மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொண்டுசென்றன. எஞ்சியோர்மீது பகைவர் படையெடுத்தனர். 1649 மார்ச் மாதத்தில் பிரெபெஃப் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், தாம் கட்டிய தளத்துக்குத் தாமே தீ வைத்துவிட்டு, குருக்கள் ஜோர்ஜியன் குடாவிலுள்ள ஒரு தீவுக்குச் சென்று, அங்கே தஞ்சம் புகுந்திருந்த வெண்டாட் மக்களோடு சேர்ந்துகொண்டனர். அக்குளிர்காலத்தில் பட்டினியால் பெருந்தொகையினர் மாண்டனர். 1650இல் ஏறத்தாழ 300 பேர் குருக்களோடு கியூபெக் சென்று சேர்ந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நகருக்கு அருகே வாழ்கின்றனர்.

நான் ஏழு நாட்கள் ஓய்வெடுத்த அந்த ஏரிநாடு, ஒருகாலத்தில் ஓர் இனம் தன் குடில்களைத் தானே எரித்துவிட்டு ஓடிய நாடு! மரப்பட்டைக் குடிலின் அரையிருளில் நின்ற பேரன், "இவையும் எங்களைப்போலையோ அம்மப்பா?" என்று கேட்டான். "எங்களை" என்றான், "உங்களை" என்று சொல்லவில்லை. மூன்று நாட்களுக்கு முன் அவன் அப்படிச் சொல்லியிருக்கமாட்டான்.

அப்போது என் நினைவுக்கு வந்தது பழைய ஏற்பாட்டின் கூடாரத் திருவிழா. அறுவடை முடிந்ததும் இஸ்ரயேல் மக்கள் தங்கள் வீடுகளை விட்டு வெளியேறி, கிளைகளாலும் இலைகளாலும் அமைத்த குடில்களில் ஏழு நாட்கள் வாழ வேண்டும் என்பது கட்டளை. எகிப்திலிருந்து மீட்கப்பட்ட முன்னோர் கூடாரங்களில் வாழ்ந்ததை வழிவழி வருவோர் அறிய வேண்டும் என்ற காரணத்தையும் லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம் தருகின்றது. எவ்வளவு ஆழ்ந்த ஞானம்! முன்னோர்மீது சுமத்தப்பட்ட குடிலைப் பின்னோர் தாமே விரும்பி ஏற்கின்றனர். அதிலும் ஏழு நாட்கள் மட்டும். எட்டாம் நாள் வீடு இருக்கின்றது. பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து திரும்பியவர்கள் இவ்விழாவை மீண்டும் கொண்டாடியபோது பெருமகிழ்ச்சி நிலவியது என நெகேமியா நூல் கூறுகின்றது. குடிலுக்கு அஞ்சியவர்களே குடிலில் மகிழ்ந்தனர். மகளும் அதைத்தான் செய்தாள், விவிலியத்தைப் புரட்டாமலே.

நமக்கும் அப்படி ஒரு விழா இல்லாமலில்லை. ஓகஸ்ட் மாதத்தில் மடுவின் காட்டில், மரங்களுக்கடியில் கூடாரமடித்தும் கொட்டில் போட்டும், பல நாட்கள் தங்கிச் சமைத்துண்டு செபித்த குடும்பங்கள் எத்தனை! அதே மடுக்காடு 1990க்குப் பின் அகதிகளின் புகலிடமாயிற்று. 1999 நவம்பரில் ஆலயத்தில் தஞ்சமடைந்திருந்தோரில் பலர் எறிகணைக்கு இரையாகினர். திருவிழாக் கூடாரமும் அகதிக் கூடாரமும் ஒரே மரங்களின் கீழ் நின்ற மண் அது. இன்று மடுவுக்குச் செல்லும் நம் இளையோருக்கு முன்னதை மட்டுமே தெரியும். பின்னதை யார் சொல்வது?

ரொறன்ரோ திரும்பியபின் மருமகனுக்கு மீண்டும் இரவு வேலை. குளிர்பெட்டியின் கதவில் மீண்டும் அதே தாள். ஏழு நாட்கள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். மாலைச் செபத்தில் ஒரு பெயர் கூடியது. பேத்தி ஒரு நாள், "இப்பவும் கொட்டில்லை ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டாள். இருக்கின்றார்கள் என்றேன். போர் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் நிரந்தர வீடு கிட்டாத குடும்பங்கள் நம் பங்குகளிலும் உள்ளன, நாம் அறிவோம். மகளும் மருமகனும் கலந்து பேசி, கபினுக்குக் கொடுத்த வாடகைக்குச் சமமான தொகையை என்னிடம் தந்தனர். எங்கள் பங்கில் ஒரு வீட்டின் கூரைக்கு ஓடு ஏறிவிட்டது.

கடல் கடந்து ஏரிக்கரைக்குச் சென்று வாடகை கொடுக்க எல்லோராலும் இயலாது, தேவையுமில்லை. நம் வீடுகளில் ஓர் இரவு எல்லா விளக்குகளையும் அணைக்கலாம். சிறு விளக்கு ஒன்றை நடுவில் வைத்து, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, நம்மோடு கொட்டிலில் இருந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லலாம். திரும்பி வந்தவர்களின் பெயர்களையும், வராதவர்களின் பெயர்களையும். பிள்ளைகள் கேட்கமாட்டார்கள் என்று நாம் நினைக்கின்றோம். கேட்பார்கள். பெயர் என்ன என்றும் கேட்பார்கள்.